தொட்டி மூடியில் வைத்த அரக்கு

ஐம்பதுகளின் கடைசியில், பழைய பஸ் ஒன்றில் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கினேன். கோயமுத்தூரில் தொட்டி நிறையச் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மனைவியோடு பழனிக்குக் கிளம்பினேன்.

டிரைவர் மாரப்பன் அந்தத் தண்ணீரில் குளித்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். யாருக்கும் தெரியாமல் தொட்டி மூடியைச் சுற்றியும், அதிலிருந்த சின்ன ஓட்டையிலும் அரக்கு ஊற்றி, என் மோதிரத்தால் முத்திரை வைத்தேன்.

உடுமலைப்பேட்டை தாண்டியதும், தொட்டியிலிருந்து தண்ணீர் இறைக்கும் கைப்பம்பில் தண்ணீர் நின்றுவிட்டது. கக்கூஸுக்குக்கூட இல்லை. எனக்கு ஆத்திரம்; மாரப்பன்தான் பம்பைக் கெடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இவன்தான் என்னமோ பண்ணிப்போட்டான்," என்று மனைவியிடம் முணுமுணுத்தேன்.

மாரப்பன் ரோட்டோரத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து கக்கூஸில் ஊற்றினார். பம்பைக் கழற்றிப் பார்த்தார். வாஷர் நன்றாகவே இருந்தது. கடைசியில் தொட்டி மூடியருகே போனார். ஓட்டையிலிருந்த அரக்கைக் குத்தி எடுத்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே இறங்கியது. பம்பில் தண்ணீர் கொட்டியது.

"ஏனப்பா, என்னாச்சு?" என்றாள் மனைவி.

"காத்து போற ஓட்டைங்க. ரோட்டுத் தூசி அடச்சுப்போச்சுங்க, வேறொண்ணுமில்லீங்க."

என் முத்திரை பதிந்த அரக்கு அவர் உள்ளங்கைக்குள் இருந்தது. என்னை அவர் பார்க்கவே இல்லை.

பழனிவரை, தாகம் எடுத்தபோதெல்லாம் வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்க் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீரை அவரிடம் நீட்ட எனக்கு முகமில்லை.