சவப்பெட்டிக்கு மூன்று ஆள் குறை

சீனாவின் ஹூனான் மலைப்பக்கத்தில் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பெருமை லான்யிங். குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரி. அரசாங்கம் சொன்னதை அரசாங்கத்தைவிடத் தீவிரமாக நம்பியவள். மசக்கை வாந்திச் சத்தம் இரண்டு தெரு தாண்டியும் அவள் காதில் விழும். இரண்டுக்கு மேல் கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில் யுவேமெய் மூன்றாவதைச் சுமந்துகொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடி ஒளிந்தபோது, அபராதத்துக்கு ஈடாக அவள் வீட்டுப் பன்றியையும் வாசல் கதவையும் லான்யிங் தூக்கிப் போனாள். நாங்களும் ஒரு கை கொடுத்தோம். பன்றி நல்ல கனம்.

ஊர் முன்மாதிரி ஊரானது. பிறகு பள்ளிக்கூடம் முதியோர் சாப்பாட்டுக்கூடமானது. பிறகு, மூன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அரசாங்கமே பெரிய மனது பண்ணியது. பெறுகிற வயதில் ஊரில் ஒரு பெண்ணும் இல்லை.

போன குளிர்காலத்தில் லான்யிங்கின் கணவர் இறந்தார். பெட்டியை மலையேற்ற எட்டுப் பேர் வேண்டும்; எங்கள் வழக்கத்தில் பெற்ற மகன் தூக்கக் கூடாது. ஊர் முழுக்கச் சலித்ததில் ஐந்து பேர் தேறினோம். அதில் இளைஞன் நான்தான், வயது ஐம்பத்தாறு. மீதிக்கு, யுவேமெய் பெற்ற மூன்று தடியன்கள் இருந்தார்கள், கல்லுடைக்கிறவர்கள். வேறெங்கும் இல்லை.

தூக்குபவர்களை மண்டியிட்டுத்தான் அழைக்க வேண்டும். அது மகன் வேலை. ஷென்சென் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரே மகன் கிளம்பினான்.

"நீ இரு. அந்த வீட்டுக்கு நான்தான் போகணும்," என்றாள் லான்யிங். துணைக்கு நான் போனேன்.

யுவேமெய் வாசலில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். லான்யிங் சேற்றில் மண்டியிட்டாள்.

"என்ன ஆபீசரம்மா, இந்த வாட்டி எதைத் தூக்கிட்டுப் போக வந்தீங்க?"

"உம் பசங்கள அனுப்பு, யுவேமெய்."

"எத்தினி பேரு?"

"மூணு பேரும்."

"மூணாவதுமா? அது கூடாத பிள்ளையாச்சே!"

லான்யிங்கின் நெற்றி தரையில் பட்டது. நான் என் செருப்பை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அந்த மூன்றாமவன், தாபெங், வந்தான். "விடும்மா, போதும். அத்தை, எந்திரிங்க. ஈரத்துல முட்டி பிடிச்சுக்கும்." கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினான்.

மறுநாள் மலையேறினோம். பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது. தாபெங் என் பக்கத்துப் பாரத்தையும் சேர்த்துத் தோளில் வாங்கிக்கொண்டான்.

அடக்கம் முடிந்து தூக்கியவர்களுக்கு விருந்து. லான்யிங்தான் மது ஊற்ற வேண்டும். தாபெங்கிடம் வந்தபோது கிண்ணம் வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"கவலைப்படாதீங்க அத்தை," என்றான் அவன். "உங்களத் தூக்கவும் நாங்க இருக்கோம்ல."

அன்பாகத்தான் சொன்னான். லான்யிங் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், நகரவில்லை. நாங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் குடித்தோம்.