ஐந்து நொடியில் திறந்த ஆய்வேடு

சிதம்பரத்தில் நான் டைப்பிங் சென்டர் வைத்திருந்தபோது இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தேன். ஒரு ஃபைல் திறப்பதற்குள் உயிர் போய்விடும்.

"இது தொறக்கறதுக்குள்ள பொவனகிரி போய்ட்டு வந்துடலாம் போலருக்கேண்ணே" என்று சிரிப்பாள், எம்.ஃபில். ஆய்வேட்டை என்னிடம் கொடுத்திருந்த கீரப்பாளையத்துப் பெண். லினக்ஸைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். சுருக்கென்று இருக்கும்.

2009 வாக்கில், லினக்ஸில் நான் வைத்திருந்த டெஸ்க்டாப் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. வேகம் கூடியிருக்கிறது, மெமரி குறைவாகத்தான் பிடிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் காலையில், அவளை அசத்திவிடும் வீம்பில், அதை ஏற்றினேன். உண்மையிலேயே பறந்தது. ஃபைல் திறப்பதுதான் இன்னும் இழுத்தது. நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. நான் பயன்படுத்தாதவற்றை எல்லாம் ஒரேயடியாக அழித்தேன்.

பதினோரு மணிக்கு அவள் கைடு போட்ட கடைசித் திருத்தங்களோடு வந்தாள். ஐந்தே நொடியில் ஆய்வேடு திறந்தது. முதல் மூன்று அத்தியாயங்களில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தது. அவற்றை அவள் முன்பே கடலூரில் ஒரு கடையில் டைப் செய்திருந்தாள். அந்தக் காலத்தில் கடைக்கு ஒரு எழுத்துரு. நான் காலையில் அழித்ததில் கடலூர்க் கடையின் எழுத்துருவும் போயிருந்தது; அது இல்லையென்றால் தமிழும் இல்லை.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுத்தாதாண்ணே எனக்குச் சொல்லி வச்சிருக்கற காலேஜு வேல கெடைக்கும்" என்றாள்.

கடலூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு எழுத்துருவைக் கேட்டேன். "மெயிலெல்லாம் நமக்குத் தெரியாதுப்பா, நேர்ல வந்து சிடில வாங்கிக்க" என்றார். பஸ்ஸில் ஓடினேன். கடை சாப்பாட்டுக்குச் சாத்தியிருந்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் வந்து, சிடி தேடிக் கொடுத்து, நான் திரும்பும்போது மணி நாலு. திருத்தி, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் முடித்து யுனிவர்சிட்டி ஆபீசுக்கு ஓடினோம். ஐந்து இருபது. கதவில் பூட்டு.

அவள் ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"இப்ப சீக்கிரமா தொறக்குதுல்லண்ணே?" என்றாள். கிண்டலே இல்லை.

"தொறக்குதும்மா" என்றேன்.