மிஞ்சியிருந்த ஓர் இருக்கை

மகாதேவி பத்தொன்பது வருடங்களாக அரச விமான நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் ரிக்கெற் போட்டுக் கொடுத்தவள். கனடாவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு, எந்த வாசலால் போவது, எங்கே மாறி ஏறுவது என்று கடதாசியில் கீறியே காட்டுவாள். அவள் மட்டும் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு இலவச ரிக்கெற் கிடைக்கும். ஆனால் கணவன் கனகரத்தினத்துக்கு விமானம் என்றாலே பயம். தொண்டைமானாறு என்ற கரையோர ஊரில் கடற்றொழில் செய்கிறவர்.

"வானத்திலை என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?" என்பார்.

நட்டத்தில் ஓடிய நிறுவனத்தைத் தனியாருக்கு விற்க முடிவெடுத்தார்கள். கிளையை மூடுவதாகவும் மாத முடிவோடு இலவச ரிக்கெற் நிறுத்தப்படுவதாகவும் கடிதம் வந்தது. அன்று வீட்டில் மகாதேவி வேலையைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, திருச்சிக்குப் போய் உங்கடை அண்ணையைப் பாத்திட்டு வருவம்."

அண்ணன் சீவரத்தினம் தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள் வள்ளமேறி இந்தியா போனவர். இன்னும் அங்கே அகதி முகாமில்தான். முப்பது வருடத்துக்கு மேலாகத் தொலைபேசியில் குரல் மட்டும். "அண்ணைக்காக எண்டால் ஓம்," என்றார் கனகரத்தினம்.

காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி முடிந்து, இடம் மிஞ்சினால்தான் இலவச ரிக்கெற்காரர் ஏறலாம். மாதத்தின் கடைசி நாள் இருவரும் கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காத்து நின்றார்கள். கவுண்டரில் இருந்த றொகான், வேலை விஷயமாக அவளோடு வருடக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்தவன். சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, ஒரு சீற்தான் இருக்கு."

"நீ போ, தேவி," என்றார் கனகரத்தினம். "இவ்வளவு காலமும் ஊராரை அனுப்பினனீ."

"அங்கை நிக்கிறது உங்கடை அண்ணையெல்லோ." அவருடைய சேட்டுக் கொலரை நேராக்கிவிட்டாள். "கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ. ஒரு மணித்தியாலந்தான்."

மகாதேவி யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. எடுத்தால் கணவனுடைய அழுகை மட்டும் கேட்டது. பிறகு சீவரத்தினம் கதைத்தார்.

"பிள்ளை, என்னைவிட இவனுக்கெல்லோ தலை நரைச்சுப்போச்சு! நீ ஏன் வரேல்லை?"

"இடம் கிடைக்கேல்லை அத்தான். அவர் சாப்பிட்டவரே?"

கிளை மூடப்பட்டது. மகாதேவி இப்போது நகரில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறாள். சித்திரையில் கனகரத்தினம் அவளைக் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழி முழுக்க அவள் சத்தி எடுத்தாள். அவர் அவளுடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். மறுநாள் சீவரத்தினம் இருவருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு முகாம் வாசலில் காத்திருந்தார்.