எலி மூச்சும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

பிள்ளைகளா, அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை மகாபலிபுரம் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். நீங்கள் அம்மாவோடு கல்பாக்கத்தில். நான் ஊரப்பாக்கத்து அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாவலூர் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அன்று எனக்குப் பதிலாக எலிகளைக் கவனிக்கப் போன கூட்டாளிதான் பேசினான்.

“அண்ணாத்த, எலிங்க என்னப் பாத்தாலே துள்ளுதுங்க. ஆராய்ச்சி பண்ற மேடம் திட்டிகினு கீறாங்க.”

“செண்ட்டு போட்டுகினியா?”

“சர்ச்சுக்குப் போனேன்ல, லைட்டா...”

“நீ லைட்டா போட்டா தெருவே தும்மும்டா.”

சிரித்துவிட்டேன். ஆனால் போய்த்தான் ஆகவேண்டும்.

என்ன வேலை என்று சொல்கிறேன். சிகரெட்டில் இருக்கும் நிகோடின் மூச்சை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். எலியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவார்கள். அதன் மூச்சு கம்ப்யூட்டரில் அலை அலையாக ஓடும். நிகோடின் ஊசி போட்டதும் அலை நெருங்கும், பிறகு ஒழுங்கு தப்பும். ஆனால் எலி பயந்தாலும் மூச்சு வேகமாகிவிடும். அப்புறம் எது பயம், எது நிகோடின் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் அதை உள்ளங்கையில் வைத்துப் பழக்குவேன். பவுடர், செண்ட்டு கிடையாது. பேச்சும் கிடையாது. பகல் முழுக்க நான் யாரோடும் பேசாத நாட்கள் உண்டு.

அன்று ஒரு எலி என் கையில் அடங்கிய பிறகுதான் ஊசி போட்டார்கள். திரையில் அலைகள் முட்டிமோதின. அது கண்ணாடிக்குள்ளிருந்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆய்வு முடிந்த எலி கூண்டுக்குத் திரும்புவதில்லை. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

சாயங்காலம் அறை வாசலுக்கு வந்ததும் போன் செய்தேன். அம்மாவே உங்களைக் கடலுக்குக் கூட்டிப் போய் வந்திருந்தாள். பெரியவள் போனை வாங்கி, “எங்கள விட எலி பெருசா நைனா?” என்றாள். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

இப்போது சொல்கிறேன்: பெருசு இல்லை, கண்ணு. உங்களுக்கு அன்று அம்மா இருந்தாள். அந்த எலிக்கு என் கை மட்டும்தான் பழக்கம்.

சின்னவன் அலையில் ஆடிய களைப்பில் தூங்கிவிட்டான் என்றாள் அம்மா.

“போனை அவன் மூக்காண்ட வை.”

“இன்னா, கிறுக்கு புடிச்சிகிச்சா?” என்றாள். ஆனாலும் வைத்தாள்.

மெதுவாக, ஒரே சீராக வந்தது அவன் மூச்சு. அம்மா போனை எடுக்கும்வரை, பூட்டைத் திறக்காமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.