கொப்பரைத் தராசில் அக்கா

கர்ப்பிணிப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்த தின்பண்டத்தை நான் தொடுவதில்லை. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகளுக்கு இது ஆறாம் மாதம். சாயங்காலமானால் ஒரு கிண்ணத்தில் அவித்த கடலையும் இன்னொன்றில் நறுக்கிய கொய்யாவும் மேசைக்கு வந்துவிடும். "மாமா, நீங்களும் ரெண்டு எடுத்துக்கங்க" என்று அவள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவாள். நான் பாம்பைக் கண்டவன்போல நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். சர்க்கரைக்குப் பயந்து ஒதுங்குகிறேன் என்று மகன் நினைக்கிறான். மாமனாருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று மருமகள் தன் அம்மாவிடம் போனில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்தப் பாராட்டு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சிறு வயதில் ஒரு கர்ப்பிணியின் பங்கை வாரக்கணக்கில் உட்கார்ந்து தின்றவன் நான். அந்தக் கர்ப்பிணி என் அக்கா.

அப்போது நாங்கள் காங்கேயத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் ஆலையில் கணக்கு வேலை. ஆலைக்குப் பின்புறமே வீடு. களத்தில் காயும் கொப்பரையின் வாசனை எங்கள் சட்டையில், தலையணையில், ரசத்தில்கூட இருக்கும். அக்காவைச் சென்னிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து போட்டு, வந்தவர்கள் எல்லாரும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் எலுமிச்சைச் சோறும் தின்று அசந்து கிடந்த பிற்பாடு, முதல் பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு ஒன்பது.

வந்த வாரமே நர்சம்மா வந்தார். கறுப்புக் குடையும் தோல் பையுமாக ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பவர். அக்காவின் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"ரத்தம் கம்மியாத்தான் இருக்குதுங்க. மூணு வேளைச் சோத்தோட விட்டுப்போடாதீங்க. நடுவால நடுவால எதாச்சும் கொடுங்க. முறுக்கு, போண்டான்னு எண்ணெயில முக்கினது வேண்டாமுங்க. அவிச்ச கடலை, தட்டப்பயறுச் சுண்டல், பேரீச்சம்பழம், கொய்யா, முருங்கக்கீரை போட்ட ராகி அடை, இப்படிக் கொடுங்க. எடை ஏறுதான்னும் பாத்துக்கோணும். நான் மறுக்கா வர நாளாகும்."

அம்மா அதை முருகனுக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல்போல எடுத்துக்கொண்டாள். காலையில் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு, தவறாமல் அக்காவின் அறைக்குப் போகும். தட்டப்பயறு அரைகுறையாக வெந்திருந்தால் மறுபடியும் அடுப்பில் ஏற்றுவாள். கொய்யாவில் ஒரு புள்ளி இருந்தால் எனக்கு வந்துவிடும். அக்காவோ முறுக்குக்குப் பேர் போனவள். கல்யாணத்துக்கு முன்னால் தீபாவளிக்குச் சுட்டு வைக்கும் முறுக்கு தீபாவளிவரை நின்றதே இல்லை. அவள் அந்தச் சுண்டலைக் கணக்கு வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜாடை காட்டி உள்ளே கூப்பிட்டாள்.

"கண்ணு, உன்ற பையில பல்பம் இருக்குதா?"

பல்பம் என்றால் சிலேட்டில் எழுதும் குச்சி.

"எதுக்குக்கா?"

"குடேன், சொல்றேன்."

கொடுத்தேன். பாதியாக ஒடித்து வாயில் போட்டாள். கறுக்கென்று ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டாள். தீபாராதனையின்போது மட்டுமே அப்படி ஒரு முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"அய்யோ, பல்பத்தையா திங்கற?"

"கத்தாதடா. மழை பேஞ்சு மண்ணு வாசம் வந்தாப் போதும், வாயில எச்சி ஊறுது. நாக்கு இதுக்குத்தான் ஏங்குது. மீதியையும் குடு."

"நாளைக்கு எழுதோணுமே."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாசமா இருக்கறவ கேட்டு இல்லைன்னு சொன்னா என்ன ஆகுமுன்னு தெரியுமில்ல? பொறக்கற கொழந்தைக்குக் காதுல சீழ் வடியும். காலம் பூரா பஞ்சு வெச்சுக்கிட்டுத் திரியும். ஆரு செஞ்ச வேலைன்னு கேட்டா, தாய்மாமன் செஞ்சதுன்னு ஊரே சொல்லும். உனக்குச் சம்மதமா?"

எங்கள் பக்கம் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பையனுக்குக் காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். இவனுடைய மாமன் எவ்வளவு பெரிய கஞ்சனோ என்று நான் பல நாள் வருத்தப்பட்டதுண்டு. அந்தக் கஞ்சனின் வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. பையில் இருந்த பல்பம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதை முடிச்சுபோடு. அப்படியே கெடந்தா அம்மா என்னைக் கொன்னுபோடும்."

அன்று அவித்த கடலை. உப்பு சரியாக ஏறியிருந்தது. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் முதல் அது நடைமுறையாகிவிட்டது. பல்பம் உள்ளே போகும், தட்டு காலியாக வெளியே வரும். அந்தத் தட்டு குழந்தைக்கானது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தையின் காதுக்கு நான் பொறுப்பு, வயிற்றை அது பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் நியாயம். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டால் எந்த நியாயமும் இனிப்பாகத்தான் இருக்கும்.

பல்பம் தீரத் தீர அப்பாவிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. எழுதி எழுதியே தேய்க்கிறான் என்று முடிவுகட்டி, பெட்டியோடு வாங்கி வந்தார். ஆலையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சென்னிமலையிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தபோதும் அதே பேச்சு. மச்சான் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்.

"படிக்கற பசங்க எளைச்சுப் போவாங்கம்பாங்க. ஏனுங் மாமா, இவன் படிக்கப் படிக்க ஊதறானே?"

"மூளை வளருதுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

இனி எடை விஷயம். நர்சம்மா சொன்னதை அப்பா மறக்கவில்லை. ஆலையில் கொப்பரை மூட்டையை நிறுக்கும் பெரிய மேடைத் தராசு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலையில் ஆள் இருக்க மாட்டார்கள், அக்காவை அழைத்துப்போய் அதில் நிறுத்தலாம் என்றார். அம்மா ஒரேயடியாக மறுத்தாள்.

"மாசமா இருக்கற புள்ளையைத் தனியாத் தராசுல ஏத்துனாக் கண்ணு பட்டுப்போகுமுங்க. இத்தனை கிலோன்னு சொல்றதுக்கு அவ என்ன கொப்பரையாங்க?"

அப்பா யோசித்தார். கொப்பரையிலிருந்தே அவருக்கு வழி பிறந்தது. ஆலையில் கொப்பரையை யாரும் வெறுமனே நிறுப்பதில்லை. சாக்கோடு நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்துவிடுவார்கள். அதுபோல முதலில் என்னைத் தனியாக நிறுத்துக்கொள்வது. பிறகு அக்காவையும் என்னையும் சேர்த்து நிறுத்து, என் எடையைக் கழித்துக்கொள்வது. அக்காவின் எடையைத் தராசு காட்டாது, அப்பாவின் மனசுக்குள் மட்டுமே இருக்கும். மனசுக்குள் இருக்கும் எண்ணுக்குக் கண் படாது என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

"ஒருக்கா நிறுத்தாப் போதும். சாக்கு எடை என்னிக்கும் சாக்கு எடைதான்" என்றார் அப்பா.

இப்படியாக நான் சாக்கானேன். ஒவ்வொரு ஞாயிறும் அக்காவும் நானும் மேடையில் ஒட்டி நிற்போம். அவள் கன்னத்தில் ஒரு பல்பம் ஒதுங்கியிருக்கும், என் கன்னத்தில் ஒரு பேரீச்சம்பழம். "ஆடாம நில்லுடா" என்று முணுமுணுப்பாள். அப்பா தராசுத் தண்டின் மேல் குண்டைத் தள்ளுவார். போன வாரத்தைவிட ஒரு பல் தள்ளித்தான் அது நிற்கும். அப்பா விரலை மடக்கிக் கழித்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையசைப்பார். அம்மா வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவுக்குச் சுற்றிப்போடுவாள். மறுநாள் தட்டில் சுண்டல் இன்னும் உயரமாகக் குவிந்திருக்கும்.

என்ன நடக்கிறது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அக்காவுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

நர்சம்மா மறுபடி வந்தபோது அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. இமையை இழுத்துப் பார்த்தவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்னங்க இது, வெள்ளைத் துணி மாதிரி இருக்குது? எடை பாத்தீங்களா?"

அப்பா பெருமையோடு எண்ணைச் சொன்னார். நர்சம்மா நெற்றியைச் சுருக்கினார். அக்காவின் காலை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. "எடை ஏறுது, ரத்தம் ஏறலை. என்னங்கம்மா கொடுக்கறீங்க?"

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "என்ற புள்ளைக்கு நானே கொறை வெப்பனுங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க. எப்படிங்க எடை போட்டீங்க?"

அப்பா சாக்குக் கணக்கை முதலிலிருந்து விளக்கினார். ஒரு நல்ல யுக்தியை விளங்கிக்கொள்ளும் ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் பேச்சில் இருந்தது. கேட்டுக்கொண்டே நர்சம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினார். கதவுக்குப் பின்னால், சாயங்காலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கடலையும் வெல்லமும். வாய் நிறைய இருந்தது.

"இந்தச் சாக்கைத் தனியா எப்பங்க கடைசியா நிறுத்தீங்க?" என்றார் நர்சம்மா.

எல்லாரும் ஆலைக்குப் போனோம். வேலை நாளானதால் ஆட்கள் சுற்றி நின்றார்கள். என்னை மட்டும் ஏற்றினார்கள். அப்பா குண்டைப் பழைய இடத்தில் வைத்தார். தண்டு மேலே போய் இடித்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் தள்ளினார். பிறகு இன்னும் கொஞ்சம். அது போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரோ, "கொப்பரை ஒழுங்காக் காஞ்சிருக்குதுங்க, சாக்குதான் நனைஞ்சுபோச்சு" என்றார்கள். அப்பாவின் காது சிவந்தது. அவர் கணக்கில் தவறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எடை ஏறாம இல்லீங்க. ஆளு மாறி ஏறியிருக்குது" என்றார் நர்சம்மா. பிறகு அக்காவிடம், "நாக்கை நீட்டு அம்மணி."

நாக்கு சாம்பல் பூசியதுபோல இருந்தது. பதற்றத்தில் முந்தானை அவிழ்ந்து, முடிந்து வைத்திருந்த பல்பத் துண்டுகள் தராசு மேடைமேல் கலகலவென்று கொட்டின. அப்பா குனிந்து ஒரு துண்டை எடுத்து, தன் மகனின் படிப்பைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அக்கா நடுவில் புகுந்தாள்.

"அவனை அடிக்காதீங்கம்மா. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் வாயில திணிச்சேன்."

நான் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்தபோது, ஆமாம் என்று தலையாட்டினேன். தின்றதைவிட அந்தத் தலையாட்டல்தான் இந்த வயதில் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஓங்கிய கையை அக்காவின் பக்கம் திருப்பவும் முடியாமல், என் பக்கம் இறக்கவும் முடியாமல், அம்மா கொப்பரைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். நர்சம்மா அக்காவைத்தான் திட்டினார். ரத்தம் குறைந்தால்தான் மண்ணும் பல்பமும் தின்னத் தோன்றும், தின்னத் தின்ன இருக்கிற ரத்தமும் போகும், வயிற்றுப் பிள்ளை எதை வைத்து வளரும் என்று கேட்டார். மாத்திரை கொடுத்தார். பிரசவத்துக்கு இருக்கிற நாள் கொஞ்சம் என்பதைத் தணிந்த குரலில் அம்மாவிடம் சொன்னார். எனக்கு அதெல்லாம் மனசில் ஏறவில்லை. அடி விழவில்லை என்ற நிம்மதியில் இருந்தேன்.

எனக்குத் தண்டனை என்று அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தாள். அக்கா தட்டைக் காலி செய்யும்வரை நான் எதிரில் கைகட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அக்கா மருந்துபோல ஒவ்வொரு கடலையாக மெல்லுவாள். இடையில் ஒன்றை என் பக்கம் உருட்டிவிடுவாள். அது என் முழங்காலைத் தொடுவதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் செருமல் கேட்கும். கடலை வந்த வழியே திரும்பிப் போகும்.

அன்று வயிற்றில் இருந்த அந்தப் பெண் இன்று பேரன் எடுத்துவிட்டாள். சண்டைக்கு நின்றால் தெருமுனைவரை குரல் கேட்கும். அதனால்தான் இதையெல்லாம் என்னால் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

அவள் நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மச்சான் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அப்பா என் தோளில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். கட்டிலில் அக்கா கண்மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் அப்பாவின் பழைய வேட்டித் துணி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் குழந்தை. இந்த வெயிலில் இத்தனை பஞ்சு எதற்கு என்று நினைத்தேன்.

நான் நேரே போய்த் துணியை விலக்கினேன். ஒரு காதைப் பார்த்தேன். தலையை மெல்லத் திருப்பி மறு காதையும் பார்த்தேன். இரண்டும் உலர்ந்து சுத்தமாக இருந்தன. இத்தனை நாள் பட்ட பாடு வீண் போகவில்லை.

"காது ரெண்டும் நல்லா இருக்குதுங்கம்மா!" என்றேன் உரக்க.

எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று காத்திருந்தேன். அம்மா குழந்தைக்குக் காற்றுப்படாமல் துணியை அவசரமாக இழுத்து மூடினாள். ஒரு கை மட்டும் வெளியே நின்றுவிட்டது. ஐந்து விரலும் பல்பத்தைவிட மெலிதாக இருந்தன. அம்மா அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சின்னக் காதுகள் இருந்த இடத்தையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.