ஞானதீபம் டீச்சரின் உபவாசம்

எங்கள் ஞானதீபம் டீச்சரின் புகழை என்னவென்று சொல்ல! எழுபத்தைந்தாம் வருடத்துத் தூத்துக்குடியில் பிள்ளைக்கு வேலையா, கல்யாணமா, எதுவானாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். அத்தனை உபவாச ஜெபம்! கிருபை என்கிற நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள், ஒரே வாடகை வீடு. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் போதும், "இன்னைக்கு உபவாசம், கிருபை" என்பாள்.

ஒருநாள் மயங்கி விழுந்தபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. பாட்டுக்குழுவில் சேர்ந்த வயதில் எவளோ "பீப்பாய்" என்று சொல்லிச் சிரித்தாளாம். அன்று பிடித்த பயம். ஒட்டிப்போன கன்னத்தைக் கிள்ளி, "சதை போட்டிருக்கா?" என்று கேட்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. இப்படியே போனால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டு மெட்டில்டா அக்கா மகனுக்கு, இவள் ஜெபித்த பிறகு, புதுத் துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்ததும் கூத்து உச்சத்துக்குப் போனது. நன்றிக்கு ஒரு டப்பா மக்ரூன் வந்தது. அடுத்தவர் அல்வா, அடுத்தவர் கேக். உபவாசக்காரிக்குத் தின்பண்டம் கொண்டுவந்து குவிக்கிற ஊர் வேறெங்காவது உண்டா? எல்லாம் என் வயிற்றுக்குள்தான் போயிற்று. என் ஜாக்கெட் தையல் விட்டது. அவள் ஜாக்கெட்டுக்குள் இன்னொரு ஆள் நுழையலாம்.

அந்த வருடம் கோயில் பண்டிகையில், ஊரே ஒரே பந்தியில் உட்காரும் அசனத்துக்குச் சற்று முன்னால், குருவானவர் அவளை மைக்குக்கு அழைத்தார். "லெந்து நாப்பது நாளும் நம்ம பெண்கள் சங்கத்த உபவாசத்துல நடத்தப்போறது நம்ம டீச்சர்தான்!"

கைதட்டல். ஐயோ, கொன்றே போடுவார்கள் போலிருக்கிறதே!

"நான் உபவாசமே இருக்கல," என்றாள் அவள். "எனக்குச் சாப்பிடப் பயம்."

"ஆமென்!" என்றது கூட்டம்.

"குண்டாயிருவேன்னு பயம்."

"ஸ்தோத்திரம்!" டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள், மண்டுகள்!

"ஆமென் சொல்லாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் மைக் வீறிட்டது. "செத்துருவேன் போலிருக்கு. கொஞ்சம் கேளுங்க!"

மெட்டில்டா அக்கா கறிக்கரண்டியோடு எழுந்து வந்தாள். "ஏளா, எத்தன வருசமா இப்படி இருக்க?"

அதை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. அக்காவின் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள்.

பந்தியில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு கவளம் உள்ளே போயிற்று, அடுத்தது போகவில்லை. குணமாகிவிட்டாள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் நான் தட்டை வைத்தபோது உபவாசம் என்று சொல்லவில்லை.

"பயமா இருக்கு, கிருபை. பக்கத்துல உக்காரேன்," என்றாள்.

உட்கார்ந்தேன்.