பூங்கொடியைத் தேடிய வகுப்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு காப்பித்தூள் கடை வந்திருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மிஷினில் கொட்டை அரைபட்டுக்கொண்டிருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் பகுதிநேரக் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்து இறங்கிய டீச்சரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முதல் நாளே பயம் விட்டுப்போயிற்று. எனக்குப் பிடித்தது ஆறாம் வகுப்புதான். சுற்று ஊர்களில் ஐந்தாவதை முடித்துவிட்டு அப்போதுதான் பெரிய பள்ளிக்கு வந்தவர்கள். மவுஸை நகர்த்தச் சொன்னால் ஒருத்தன் அதைத் தூக்கித் திரைமேல் வைத்துத் தேய்த்தான். ஓடிக்கொண்டிருந்தவை நாலைந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள். கரண்ட் போனால் யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தும், வகுப்பே கூடச் சேர்ந்து கத்தும்.

செவ்வந்தி மட்டும் கத்தமாட்டாள். அவள் வந்து உட்கார்ந்தால் காப்பி வாசனை அடிக்கும். பள்ளியில் கொடுத்த பையின் ஜிப் பிய்ந்துபோனதால், குடகு எஸ்டேட்டிலிருந்து அம்மா கொண்டுவந்த சணல் பையில்தான் புத்தகங்கள். மலையில் வேலை ஓய்ந்ததும் காப்பிப் பழம் பறிக்கக் குடகுக்குப் போகிறவர்கள் நிறைய. அப்பா இல்லாத பெண் அவள். அம்மா கார்த்திகையில் கிளம்பியதிலிருந்து சித்தி வீட்டில் இருந்தாள்.

இன்டர்நெட்டில் தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்த நாளில் ரொம்பத்தான் அளந்துவிட்டேன். இந்தக் கட்டத்தில் எதை அடித்தாலும் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியதைத் தேடுங்கள் என்றேன். பையன்கள் யானையையும் கிரிக்கெட்டையும் தேடினார்கள். செவ்வந்தி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி ‘பூங்கொடி’ என்று அடித்தாள். திரை நிறையப் பூக்களும் செடிகளும் வந்தன. நடுநடுவே யார் யாரோ பெண்களின் முகங்கள். பூக்களைத் தள்ளிவிட்டு முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். மணியடித்து எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் யாரைத் தேடுகிறாய் என்று கேட்டேன்.

“எங்கம்மாவத்தான் டீச்சர். பொங்கலுக்கப்புறம் போனே வர்ல. இதுல எதுவும் எங்கம்மா இல்ல.”

அப்போது மாசி பிறந்திருந்தது. சித்தி வீட்டில் கேட்டால், அங்கே டவர் கிடைக்காது, வந்துவிடுவாள் என்று சொல்கிறார்களாம். அழைத்துப்போன மேஸ்திரியின் போனும் அணைந்தே கிடந்ததாம். பெயரை அடித்தால் ஆள் கிடைக்காது என்பதை அன்றைய பாடத்தில் நான் சொல்லியிருக்கவே இல்லை.

அவள் பையில் எஸ்டேட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. பாதி எழுத்து அழிந்துவிட்டது. மறுநாள் வகுப்பே அதைச் சுற்றி நின்றது. அழிந்த எழுத்து இதுவா அதுவா என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்ததில் ஒருவழியாக ஒரு போன் நம்பர் அகப்பட்டது. பள்ளியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில்தான் சிக்னல் வரும். அங்கே நின்று பேசினேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் சூழ்ந்து நின்றார்கள். எடுத்தவர் கன்னடக்காரர், தமிழும் கொஞ்சம் வந்தது. அந்தக் கூட்டம் பொங்கலோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். நான் விடாமல் தொந்தரவு செய்தேன். நாலைந்து நாள் கழித்து, விசாரித்தேன் என்று ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

போட்டோவை லேபில் பெரிதாகப் போட்டேன். தோட்டக் கூலிகள் தங்கும் லயன் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். செவ்வந்தி திரையின் ஓரத்தைத் தொட்டாள். கையில் கட்டோடு, முகம் பாதி மறைந்து ஒருத்தி நின்றிருந்தாள்.

“இதான். ஆனா, கையி இன்னா ஆச்சு?” என்றாள்.

ஏணியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருந்தது. போனும் அப்போதே உடைந்துவிட்டது. நம்பர் எதுவும் மனப்பாடமில்லை. பிள்ளை பயந்துவிடுமே என்று சொல்லியனுப்பாமலும் இருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அந்தத் தோட்டத்திலிருந்து பேச வைத்தார்கள். தொட்டியின் ஓரத்தில் செவ்வந்தி போனைக் காதில் வைத்து உம், உம் என்று மட்டும் சொன்னாள். பங்குனியில் பூங்கொடி ஊர் திரும்பினாள். எனக்குப் பலாப்பழம் கொண்டுவந்தாள். ஆசிரியர் அறையில் எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாள் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

அடுத்த கார்த்திகையில் பூங்கொடி மறுபடியும் வந்தாள். செவ்வந்தி அப்போது ஏழாவது. மகளையும் கூடவே குடகுக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாள். நான் பதறிப்போய் ஹாஸ்டல் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம், வாரம் ஒருமுறை என் போனிலேயே பேசட்டும் என்று என்னென்னவோ சொன்னேன்.

“நானு வேணாம்னு சொல்லலீங்க டீச்சர். இந்தப் புள்ளயவே கேளுங்க” என்றாள் பூங்கொடி.

செவ்வந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாகூடயே போறன் டீச்சர். இன்னொரு வாட்டி என்னால தேட முடியாது.”

எஸ்டேட் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்குமென்று நானாகச் சொல்லிக்கொண்டேன். இருந்ததா, தெரியாது.

பிறகு வேலை மாறிக் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டேன். ஒரு கல்யாணத்துக்காக மலைக்குப் போனபோது விசாரித்தேன். அவர்கள் வீடு இருந்த இடத்தில் மரவள்ளி நின்றது. பக்கத்து வீட்டுப் பெண், “அவுங்க அங்கியே தங்கிட்டாங்க டீச்சர். அந்தப் பொண்ணு கன்னடம்லாம் நல்லாப் பேசுதாம்” என்றாள். பள்ளிக்கும் போனேன். பழைய பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். புதிய லேப், புதிய மேசைகள். இப்போது ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு எதையும் தொட்டுக் காட்ட வேண்டியதில்லையாம். யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

செவ்வந்தியோடு படித்தவர்கள் பன்னிரண்டாவது முடித்துவிட்டார்கள். ரிசல்ட் வந்த அன்று போனில் பார்த்த கையோடு சிலர் எனக்கும் கூப்பிட்டு மார்க் சொன்னார்கள். மத்தியானத்துக்குமேல் அழைப்புகள் ஓய்ந்தன. அப்புறமும் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.